வாக்கிங் போகிற தாத்தா, மூட்டை தூக்குகிற தாத்தா: யார் உடம்பு கெட்டி?

மதுரை, கே.கே. நகர்.

காலை 5½ மணி. லேக் வியூ ரோட்டில் பெரியவர்கள் கை வீசி நடக்கிறார்கள். காலில் ஷூ, தலையில் குல்லா. ரிட்டயர்டு ஆபீசர், பேங்க் மானேஜர், வாத்தியார்.

அதே நேரம் மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலும் 60-ஐத் தாண்டியவர்கள் நடக்கிறார்கள். தலையில் மூட்டை!

இரண்டு பேரில் யார் உடம்பு கெட்டி?

"இதென்ன கேள்வி? மூட்டை தூக்குறவர் உடம்புதான் இரும்பு" என்பீர்கள். டீக்கடையில் கேட்டாலும் இதுதான் பதில். ஆனால் டாக்டர்கள் போட்ட கணக்கு வேறு மாதிரி வருகிறது.

கைப்பிடி சொல்லும் சேதி

முதியோர் நிலை பற்றி மத்திய அரசு 2017-18ல் நாடு முழுவதும் ஒரு சர்வே எடுத்தது. 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் 72 ஆயிரம் பேருக்கு மேல். வெறும் கேள்வி கேட்டுவிட்டு வரவில்லை. ஒரு கருவியைக் கொடுத்து, பலங்கொண்ட மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். நடக்கவிட்டு நேரம் குறித்தார்கள். வசதி குறைந்த வீட்டுப் பெரியவர்களின் பிடி தளர்ந்திருந்தது தெரிந்தது.

பிடிதானே, போகட்டும் என்று விட முடியாது. 17 நாடுகளில் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2015ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் வந்தது. இந்தியாவும் அதில் உண்டு. யாருக்கு ஆயுள் கம்மி என்று சொல்வதில், பிரஷர் பார்ப்பதைவிட கைப்பிடி பலம் பார்ப்பதே மேல் என்றது அந்த ஆராய்ச்சி!

கண்டக்டரும் டிரைவரும்

உழைக்கிற உடம்புக்கு நோய் வராது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கும் ஆதாரம் உண்டு. லண்டன் மாடி பஸ்களில் டாக்டர் ஜெரி மோரிஸ் நடத்திய ஆராய்ச்சி 1953ல் வெளியானது. உட்கார்ந்தே ஓட்டும் டிரைவரைவிட, நாள் பூராவும் படி ஏறி இறங்கும் கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு என்று அவர் கண்டுபிடித்தார்.

ஆனால் டென்மார்க்கில் 1 லட்சத்து 4 ஆயிரம் பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி 2021ல் வேறு கதை சொன்னது. ஓய்வு நேரத்தில் நடப்பது, ஓடுவது ஆயுளைக் கூட்டுகிறது. வேலையில் பாரம் தூக்கிச் சாகிற உழைப்போ மாரடைப்பையும் சாவையும் கூட்டுகிறது!

காரணம் என்ன?

வாக்கிங் போகிறவர் மூச்சு வாங்கினால் பெஞ்சில் உட்காரலாம். வீட்டுக்கு வந்தால் டிபன் ரெடி. மூட்டை தூக்குகிறவர் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. இதே கே.கே. நகர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அம்மாக்களுக்கும் இதே கதிதான். நாள் முழுக்கக் குனிந்த முதுகுக்கு ஓய்வு கிடையாது.

ரூ.40-ல் என்ன கிடைக்கும்?

அடுத்தது சாப்பாடு. தசை தேறப் புரதச் சத்து வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 40 கிராமுக்குக் குறையக்கூடாது. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான்.

தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 2023ல் ரூ.1,000-லிருந்து ரூ.1,200 ஆனது. 30 நாளைக்கு வகுத்துப் பாருங்கள். நாளைக்கு ரூ.40! இரண்டு முட்டை, ஒரு டீ, ஒரு மாத்திரை. முடிந்தது.

ரேஷனில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் வருகிறது. பருப்பு கார்டுக்கு மாதம் 1 கிலோ. தாத்தா, பாட்டி இரண்டே பேர் என்றாலும், தலைக்கு நாள் ஒன்றுக்கு 17 கிராம் பருப்பு. அதில் புரதம் 4 கிராம் தேறுமா என்பதே சந்தேகம். வயிறு நிறைகிறது. தசை நிறையவில்லை.

வறுமை உடம்பைத் தளர்த்துகிறது. தளர்ந்த உடம்பு கூலியைக் குறைக்கிறது. செக்கு மாடு மாதிரி அதே வட்டம்!

என்ன செய்யலாம்?

2023 நவம்பர் 4-ந் தேதி அரசு 8 கிலோ மீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் விடிய விடிய மூட்டை தூக்கியவரை இன்னும் 8 கிலோ மீட்டர் நடக்கச் சொன்னால் சிரிக்க மாட்டாரா?

அவருக்கு வேண்டியது வேறு. 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீடு தேடி வருகிறது. அது மார்க்கெட்டையும் தேடி வரட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சத்துணவில் வாரம் 5 முட்டை கொடுத்த நாடு இது. பென்ஷன் தாத்தாவுக்கும் ஒரு முட்டை கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது.

வீட்டில் செலவில்லாமல் செய்ய ஒன்று உண்டு. நாற்காலியில் கை ஊன்றாமல் 10 தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். தடுமாறினால் தொடை பலம் குறைகிறது என்று அர்த்தம், டாக்டரைப் பாருங்கள்.

நாளைக் காலை உங்கள் கடைக்கு மூட்டை இறக்கும் பெரியவரையும் ஒரு தடவை எழுந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள். முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்திருக்கும்போது, இரும்பு உடம்பின் கதை தெரிந்துபோகும்.