தோசைக்கல்லில் பனீர்
'சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம்' என்று எழுதி ஒட்டிய தினை முறுக்குப் பொட்டலங்கள் கடைகளில் நன்றாகவே ஓடுகின்றன. தினையில் நார்ச்சத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 100 கிராம் தினை மாவில் 60 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்தும் இருக்கிறதே! மாலை நாலு மணிக்கு நாக்கு கேட்பது முறுக்கை அல்ல, உப்பையும் காரத்தையும்தான் என்பது என் கட்சி. அதற்குப் பனீர் போதும். விரல் கனத்துக்கு வில்லைகளாக அரிந்து, ஈரத்தைத் துணியில் ஒற்றியெடுத்து, காய்ந்த தோசைக்கல்லில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு அடுக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் வேகுமே தவிர சிவக்காது. பீட்சா சீஸ் மாதிரி உருகி ஓடிவிடுமோ என்ற பயம் வேண்டாம். கொதிக்கும் பாலை எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிய வைத்த பண்டம் சூட்டுக்கு இளகாது. போட்டவுடனே கரண்டியை விட்டுக் கிளறுகிற கைப்பழக்கம் நம் வீடுகளில் அதிகம். இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் அடிப்பக்கம் பொன்னிறமாகி, தானே கல்லை விட்டுக் கிளம்பும். திருப்பிப் போட்டு உப்பு, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு, கிள்ளிய கறிவேப்பிலை, அவ்வளவுதான். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் பேலியோக்காரர்கள் ஊறவைத்த பாதாமை நெய்யில் வறுத்துக் கொறிக்கிறார்கள். ருசிதான், ஆனால் முந்தின இரவே ஞாபகம் வர வேண்டும், விலையும் இடிக்கிறது. பனீர்மேல் இட்லிப் பொடி தூவலாமா என்று கேட்பார்கள். பொடியில் பருப்பு இருக்கிறது, ஆனாலும் ஒரு சிட்டிகையில் குடி முழுகிவிடாது. பக்கத்தில் சர்க்கரை போட்ட காபி டம்ளர் வந்து உட்கார்ந்தால்தான் கணக்கு உதைக்கும்.