பஜனைக்குப் புது பேஸ் கித்தாரா, பழசைச் சரி பண்றதா? எங்க கருத்து

 

நம்ம ஆலயத்து வெள்ளிக்கிழமை பஜனைக் குழுவுக்கு ஐந்து கம்பி பேஸ் கித்தார் ஒன்னு வாங்க, ஓர் அன்பர் 4,000 வெள்ளி உபயமா தர முன்வந்திருக்கார். பேரு போட வேணாம்னும் சொல்லிட்டார், பெரிய மனசு. நிர்வாகக் கூட்டத்துல இது பேச்சுக்கு வந்ததிலிருந்து வாட்ஸ்அப் குழுவுல ரெண்டு கட்சி. "உடனே வாங்குங்க, பசங்க ஆசைப்படுறாங்க"ன்னு ஒரு கட்சி. "கோயில்ல கித்தாரே எதுக்கு?"ன்னு இன்னொரு கட்சி. தொண்டர் குழுவுல இருக்கிற நாங்க ரெண்டு பக்கமும் இல்ல. துண்டு துண்டா பதில் போட்டா சண்டைதான் வளருது, அதான் இங்க முழுசா எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

முதல்ல பெரியவங்க கேள்விக்கு வர்றோம். கித்தார் வெளிநாட்டுக் கருவி, அது உண்மை. ஆனா வயலினும் அப்படித்தான். முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கத்துக்கிட்டு நம்ம இசைக்குள்ள கொண்டு வந்த பிறகு, இன்னைக்கு வயலின் இல்லாத கச்சேரியே இல்ல. கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் வாசிச்சார், சாக்ஸபோனை கத்ரி கோபால்நாத் வாசிச்சார், மின்சார மாண்டலினை யு. ஸ்ரீநிவாஸ் சின்னப் பையனா இருக்கும்போதே வாசிச்சுக் காட்டினார். நம்ம பஜனையில நடுவுல உட்கார்ந்திருக்கிற ஆர்மோனியம் மட்டும் எங்கிருந்து வந்துச்சு? அதுவும் ஐரோப்பாவிலிருந்துதான். கமகம் பேசாதுன்னு சொல்லி அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தடையே செஞ்சது, 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அந்த ஆர்மோனியம் இல்லாம இன்னைக்கு நம்மால ஒரு தேவாரம்கூட ஆரம்பிக்க முடியல.

ஆனா பெரியவங்க கோபத்துல ஒரு நியாயம் இருக்கு. போன நவராத்திரியில பேஸும் டிரம்ஸும் சேர்ந்து பாட்டோட வார்த்தைய முழுங்கிடுச்சு. அம்மன் பேரே காதுல விழலன்னா அது பஜனை இல்ல. அதனால ஒரு கட்டுப்பாட்டுக்கு நாங்களும் கை தூக்குறோம்: தீபாராதனை நேரத்துல கித்தார் வாசிக்கக் கூடாது, நாதஸ்வரம் தவிலோட போட்டி போடவும் கூடாது.

பஜனையில பேஸ் செய்ய வேண்டிய வேலை ரொம்பச் சின்னது. தம்பூரா செய்ற வேலைதான் அது. சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் கீழ பிடிச்சு நிறுத்தணும், மிருதங்கத்தோட தொப்பிப் பக்கத்துக்குத் துணையா நடக்கணும். நம்ம அக்காமார் பெரும்பாலும் 5 கட்டையிலயோ 5½ கட்டையிலயோ பாடுறாங்க. 5 கட்டைன்னா பேஸ்ல தடிச்ச கம்பியில மூணாவது ஃப்ரெட், 5½ன்னா நாலாவது. 6 கட்டைக்குப் போனா அடுத்த கம்பியை அப்படியே மீட்டினா போதும், விரலே வைக்க வேணாம். நாலு கம்பியில எல்லாச் சுருதியும் இருக்கு. ஐந்தாவது கம்பி அதுக்கும் கீழ, வினாடிக்கு 31 அதிர்வு வரைக்கும் இறங்கும். அந்தச் சத்தத்தை நம்ம ஆலயத்துல கேட்கச் செய்ற கருவியே கிடையாது. அதைப் பத்திப் பிறகு சொல்றோம்.

பசங்களுக்கு ஏன் இந்த ஆசைன்னு எங்களுக்குப் புரியாம இல்ல. இளையராஜா பாட்டு கேட்டு வளர்ந்த சமுதாயம் நாம. 1982-இல் வந்த 'இளைய நிலா' பாட்டுல கித்தாருக்குக் கீழ பேஸ் தனியா ஒரு பாட்டே பாடிக்கிட்டுப் போகும். ராஜா பாட்டுகளுக்கு பேஸ் வாசிச்ச சசிதரன், ரஹ்மானுக்கு வாசிச்ச கீத் பீட்டர்ஸ், மோஹினி டே, இவங்க விரல பார்த்துப் பசங்க யூடியூப்ல மணிக்கணக்கா கத்துக்கிறாங்க. நம்ம மலேசியாவிலயே பினாங்குல இருந்து கிளம்பின அல்லிகேட்ஸ் குழுவோட லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் நாடு முழுக்கப் பேர் வாங்கினவங்க. பதினாறு, பதினேழு வயசுப் பையன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேற எங்கயும் போகாம கித்தாரத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கு வர்றான்னா, அவனை வாசல்லயே நிறுத்தறது நமக்குத்தான் நஷ்டம்.

சரி, இப்ப நம்மகிட்ட இருக்கிற கித்தாரப் பத்திச் சொல்றோம். தோட்டம் கைமாறி, அங்கிருந்த கோயில் பொருளெல்லாம் டவுனுக்கு வந்தப்ப, ஆர்மோனியம், டோலக்கோட சேர்ந்து வந்தது இது. தோட்டத்து இளைஞர்கள் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசிச்சது. நாலு கம்பி, ரெண்டு பிக்கப், ஃபெண்டர் 1960-இல் கொண்டு வந்த ஜாஸ் பேஸ் மாதிரி செஞ்ச ஒரு சாதாரண ஜப்பான் கித்தார். பின்னால யாரோ முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க, அது இருக்கட்டும். பசங்க சொல்ற குறை மூணு: கம்பி ரொம்ப உசரமா நிக்குது, அமுக்க விரல் வலிக்குது, திருகினா கரகரங்குது, எந்நேரமும் "ம்ம்ம்"னு இரைச்சல்.

இந்த மூணுக்கும் கித்தார் பழசானது காரணம் இல்ல. நாலு கம்பியும் சேர்ந்து அந்தக் கழுத்தை ஏறக்குறைய 70, 80 கிலோ பாரத்துல இழுக்குது. அதை எதிர்த்து நிக்கத்தான் கழுத்துக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி ஓடுது. நம்ம ஊர்ல கடல் காத்து, ஈரப்பதம். கித்தாரோ வருசக் கணக்கா சாமான் அறையில சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. கழுத்து முன்னால வளைஞ்சிருக்கு, அவ்வளவுதான். தெரிஞ்சவர் கையில ஓர் ஆலன் சாவியால கால் சுத்து, கால் சுத்தா முறுக்கினா நேராகும். தெரியாதவங்க தயவு செஞ்சு தொடாதீங்க, உள்ள அந்தக் கம்பி அறுந்தா கழுத்தே போச்சு. கரகரப்பு, சாம்பிராணிப் புகையும் விபூதித் தூளும் அந்தத் திருகிகளுக்குள்ள போய்ப் படிஞ்சதால வர்றது. சுத்தம் பண்ணலாம், இல்லன்னா மாத்தலாம், பெரிய காசு இல்ல. இரைச்சல், நம்ம மின்சாரத்தோட 50 ஹெர்ட்ஸ் அதிர்வு. பிக்கப் அதை ஆன்டெனா மாதிரி பிடிக்குது. ரெண்டு பிக்கப்பையும் ஒரே அளவு திறந்து வெச்சா பெரும்பாலும் ஒன்னை ஒன்னு அடிச்சு இரைச்சல் குறையும். உள்குழியில செம்புத் தகடு ஒட்டி எர்த்தோட சேர்த்தா இன்னும் குறையும்.

ஈப்போவில கித்தார் பழுது பார்க்கிற ஒருத்தர்கிட்ட காட்டினோம். புதுக் கம்பி 110, கழுத்தும் கம்பி உயரமும் சுருதியும் சரி பண்ண 120, திருகிகளும் ஜாக்கும் 90, செம்புத் தகடு 60. மொத்தம் 380 வெள்ளி.

கம்பியைப் பத்தி ஒரு வார்த்தை. சாதாரண உருண்டைக் கம்பியை விட ஃபிளாட்வூண்ட்னு சொல்ற தட்டைச் சுத்துக் கம்பி பஜனைக்கு நல்லது. விரல் நகரும்போது கீச்சுச் சத்தம் வராது, மெத்துன்னு ஒலிக்கும், வியர்வையும் விபூதியும் இடுக்குல போய்ச் சேராததால ரொம்ப நாள் தாங்கும். அமெரிக்காவுல மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ஆம் வருச ஃபெண்டர் பிரிசிஷன் ஒன்னுலதான் அத்தனை பாட்டையும் பெரும்பாலும் வாசிச்சார். தட்டைக் கம்பி, நாலே நாலு. அறுந்தாலொழிய மாத்தவே மாட்டாராம். உலகத்துல பேஸ் வாசிக்கிறவங்க இன்னமும் அவரைத்தான் குருவா நினைக்கிறாங்க. வாசிச்சு முடிச்சதும் காய்ஞ்ச துணியால துடைக்கிற பழக்கம் மட்டும் நம்ம பசங்களுக்கு வரணும்!

அடுத்து, பசங்க கேட்கிற மாத்தங்கள். புதுப் பிக்கப் போடணும், உள்ள பேட்டரி வெச்ச ப்ரீஆம்ப் போடணும்னு கேட்கிறாங்க. எங்க பதில்: இப்ப வேணாம். ப்ரீஆம்ப் வெச்ச கித்தார்ல ஒயரக் கழட்டாம விட்டா 9 வோல்ட் பேட்டரி இறங்கிக்கிட்டே இருக்கும். யார் கழட்டினா, யார் கழட்டலன்னு ஒவ்வொரு வாரமும் விசாரணை நடத்த எங்களால முடியாது. நவராத்திரி எட்டாம் நாள் நடுப்பாட்டுல பேட்டரி செத்தா அப்ப தெரியும். பிக்கப் விஷயம் வேற. முதல்ல மத்ததெல்லாம் சரி பண்ணி மூணு மாசம் வாசிக்கட்டும். அப்பவும் குறை இருந்தா நாங்களே கூட நின்னு வாங்கித் தர்றோம். கழட்டின பழைய பாகத்தை ஒரு டப்பாவுல பேரெழுதி வைக்கணும், அது தோட்டத்துச் சொத்து.

ஏன் இப்படிச் சொல்றோம்னா, உண்மையான குறை கித்தார்ல இல்ல, ஸ்பீக்கர்ல இருக்கு. இப்ப பேஸை மைக் போற அதே பெட்டியில சொருகி, வெளிய இருக்கிற கூம்பு ஸ்பீக்கர்ல விடுறாங்க. கூம்பு ஸ்பீக்கர் மனுசக் குரலைத் தூரமா கொண்டு போகச் செஞ்சது. அதுல சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒன்னும் சரியா வராது. பேஸோட தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ். பத்தாயிரம் வெள்ளி கித்தாரா இருந்தாலும் அந்தக் கூம்புல "டப் டப்"னுதான் கேட்கும். சத்தம் பத்தலன்னு பசங்க இன்னும் திருகுறாங்க, பாட்டு மூழ்குது, பெரியவங்க கோபப்படுறாங்க. நம்ம ஊர்ச் சண்டையில பாதி இந்தக் கூம்பாலதான். பேஸுக்குன்னு தனியா ஒரு சின்ன ஆம்ப், பழசா 100 வாட், 1,200 வெள்ளிக்குப் பார்த்து வெச்சிருக்கோம். மண்டபத்துக்குள்ள உட்கார்ந்து பாடுறவங்களுக்குக் கேட்டா போதும், தெருவுக்குக் கேட்க வேண்டியதில்ல.

இப்ப எழுதப் போறதுதான் எங்களுக்கு எல்லாத்தையும் விட முக்கியம். பஜனை நடக்கிற இடத்துல பசங்க வெறுங்காலோட நிக்கிறாங்க. அபிஷேகம் முடிஞ்சு கழுவிவிட்ட தரை, பாதி நேரம் ஈரம். கரண்ட் எங்கிருந்து வருதுன்னு பார்த்தா, பின்னால ஒரு எக்ஸ்டென்ஷன், அதுல இன்னொரு எக்ஸ்டென்ஷன், நடுவுல எர்த் முள் இல்லாத அடாப்டர். மின் கித்தாரோட கம்பி, ஒயர் வழியா ஆம்போட இரும்பு உடம்போட சேர்ந்திருக்கு. அந்த உடம்பு எர்த்தோட சேரணும். எர்த் இல்லாம ஆம்புக்குள்ள ஒரு கோளாறு வந்தா கித்தார்க் கம்பியிலயே கரண்ட் நிக்கும். ஒரு கை கம்பியில, வாய் மைக்குல பட்டா அந்தக் கரண்ட் நெஞ்சு வழியா போகும். பயமுறுத்த எழுதல. 1972-இல் பிரிட்டன்ல ஸ்வான்சீ நகர மேடையில லெஸ் ஹார்வின்னு ஒரு கித்தார்க் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கயே இறந்தார். செருப்பில்லாம, ஈரத் தரையில நம்ம பிள்ளைங்க நிக்கிறாங்க.

அதனால உபயப் பணத்துல முதல் செலவு பஜனை மேடைக்குத் தனி பிளக்குப் பாயிண்ட், முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் அளவு கசிவுத் தடுப்பான். நாம இ.எல்.சி.பி.ன்னு சொல்வோமே, அதுதான். உரிமம் உள்ள மின்பணியாளர் 450 வெள்ளி சொல்லியிருக்கார். மாசத்துக்கு ஒரு தடவை அதுல இருக்கிற சோதனைப் பொத்தானை அமுக்கிப் பார்க்கிற பொறுப்பை நாங்க எடுத்துக்கிறோம். மேடையில ஒரு ரப்பர் விரிப்பும் போட்டுடலாம்.

கூட்டிப் பாருங்க: கித்தார் 380, ஆம்ப் 1,200, மின்சாரம் 450. 2,030 வெள்ளி. மீதி 1,970 இருக்கு. அதை வெச்சு மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு ஒரு வாத்தியார வரவழைச்சு, பேஸ், ஆர்மோனியம், டோலக் மூணும் சொல்லித் தரலாம்னு நினைக்கிறோம். இப்ப ஒரே பையன்தான் பேஸ் வாசிக்கிறான். அடுத்த வருசம் அவன் படிக்க வெளியூர் போயிட்டா நாலாயிரம் வெள்ளி கித்தார் மறுபடி சாமான் அறையிலதான் சாயும்.

அப்படியும் புதுசுதான் வேணும்னு நிர்வாகம் முடிவெடுத்தா நாங்க குறுக்க நிக்கல. ஆனா இணையத்துல பேரு மட்டும் ஒட்டின போலி நிறைய சுத்துது, விலை ரொம்பக் குறைவா இருந்தா சந்தேகப்படுங்க. நேர்ல போங்க. தலைப்பக்கத்துல கண்ணை வெச்சு கழுத்தோரமா பாருங்க, முறுக்கிக்கிட்டிருந்தா விலையே கேட்காதீங்க. எல்லாக் கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அமுக்கி மீட்டிப் பாருங்க. ஆம்புல போட்டு எல்லாத் திருகியையும் திருப்பிப் பாருங்க. வாசிக்கிற பையனைக் கூட்டிட்டுப் போங்க, அவன் தோள்ல அரை மணி நேரம் தொங்கட்டும். இடுப்பு வலிக்குதான்னு அவன்தான் சொல்லணும்.

எது வாங்கினாலும் ஆலயப் பொருள் பதிவேட்டுல ஏறணும். நம்ம சங்கம் பதிவு பெற்ற சங்கம், பொதுக்கூட்டத்துல கணக்கு காட்டணும். கித்தார் ஒருத்தர் வீட்டுல, ஆம்ப் இன்னொருத்தர் கார்லன்னு இருக்கக் கூடாது. பசங்க வீட்டுக்குக் கொண்டு போய்ப் பயிற்சி பண்ணட்டும், கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போகட்டும், தப்பில்ல.

உபயம் தர்ற அன்பரோட நாங்க நேர்ல பேசிட்டோம். கேட்டுட்டு, "பிள்ளைங்களுக்கு எது பாதுகாப்போ அப்படியே செய்ங்க"ன்னு சொன்னார். முடிவு வர்ற ஞாயிறு காலை 10 மணிக் கூட்டத்துல. பெரியவங்களும் வாங்க, பசங்களும் வாங்க, வாட்ஸ்அப்ல மட்டும் பேசுறவங்க கண்டிப்பா வாங்க. எலக்ட்ரிக் வேலை தெரிஞ்ச அண்ணன்மார் யாராச்சும் சனிக்கிழமை சாயங்காலமே வந்து மண்டபத்து ஒயரிங்கை ஒரு பார்வை பார்த்துத் தந்தா உதவியா இருக்கும். அதுவரைக்கும் இந்த வெள்ளி பஜனைக்கு பேஸைச் சொருக வேணாம்னு பசங்ககிட்ட சொல்லியிருக்கோம்.