மலைக் குளிர் சோற்றைக் காக்குமா?

காலை 5 மணி. கொடைக்கானலில் ஒரு வீடு. வெளியே பனிமூட்டம். குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் விறைக்கிறது.

மருமகள் அடுப்பைப் பற்ற வைக்கிறாள். ஒரு குண்டானில் சோறு. இன்னொரு குண்டானில் சாம்பார். காலைக்கும் மதியத்துக்கும் இரவுக்கும் சேர்த்து ஒரே சமையல். வேறு வழி இல்லை. 8 மணிக்கு அவளும் வேலைக்குப் போக வேண்டும். கணவனும் போக வேண்டும்.

"மிச்சத்தை என்ன செய்யட்டும், அத்தை?"

"மூடி வச்சிட்டுப் போ, தாயி. இந்தக் குளிருக்குச் சாம்பார் கெட்டுப் போகுமா?"

மாமியார் நல்லவர்தான். அவர் சொன்னதுதான் தவறு.

மலையில் இருப்பவர்கள் மட்டும் இப்படி நினைப்பதில்லை. மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் கட்டுச்சோற்றுடன் மலை ஏறும் குடும்பங்களும் இப்படித்தான் நினைக்கின்றன. வத்தலக்குண்டு தாண்டி, மலைப்பாதையில் குளிர் காற்று முகத்தில் பட்டதும் ஒரு தைரியம் வந்து விடுகிறது. "இனிமேல் சோறு கெடாது!"

அந்தத் தைரியம் எவ்வளவு தூரம் சரி? கணக்குப் பார்த்தால் தெரியும்.

டிகிரிக் கணக்கு

உணவில் நோயை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே பெருகுகின்றன. 5 டிகிரிக்குக் கீழே போனால் சோம்பிப் படுத்து விடும். 60 டிகிரிக்கு மேலே போனால் பெருக முடியாது. இன்னும் சூடு ஏறினால் சாகும். இடைப்பட்ட சூடுதான் ஆபத்து.

கொடைக்கானலில் கோடைகாலப் பகலில் ஏறக்குறைய 20 டிகிரி இருக்கும். மார்கழி, தை மாத இரவில் 8 டிகிரி அளவுக்கு இறங்கும். சில நாள் அதற்கும் கீழே போய், புல்லில் உறைபனி படிந்து கிடக்கும். ஆனால் சமையல் அறை புல்வெளி அல்ல! அங்கே அடுப்பு எரிகிறது. ஜன்னல் சாத்தி இருக்கிறது. ஆட்கள் நடமாடுகிறார்கள்.

பிரிட்ஜ் என்று சொல்லும் குளிர் பெட்டிக்குள் இருக்க வேண்டிய அளவு 5 டிகிரி, அல்லது அதற்கும் குறைவு. கொடைக்கானல் சமையல் அறைக்கும் அதற்கும் நடுவே 10, 15 டிகிரி வித்தியாசம் இருக்கிறது. மனிதனுக்கு அது கம்பளி போர்த்தும் குளிர். கிருமிக்கு அது குளிரே அல்ல.

நல்ல வெப்பம் கிடைத்தால் ஒரு கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகப் பிளந்து விடும். 1 மணி நேரத்தில் 8 ஆகும். 3 மணி நேரத்தில் 512. 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும்! மலையில் இந்த வேகம் குறையும். அது உண்மை. ஆனால் காலை 6 மணிக்கு இறக்கிய சாம்பார் இரவு 8 மணிக்கு இலைக்கு வருகிறது. 14 மணி நேரம்! நத்தைகூட அதற்குள் தோட்டத்தைத் தாண்டி விடும்.

குண்டான் பெரிதாக இருந்தால் சங்கதி இன்னும் மோசம். வெளிப்புறம் தொட்டால் சில்லென்று இருக்கும். நடுவிலோ வெதுவெதுப்பு பல மணி நேரம் இருக்கும். கிருமிக்கு அது தொட்டில்.

சோறு அதைவிடப் பொல்லாதது. அரிசியில் ஒரு வகைக் கிருமியின் வித்து ஒட்டிக்கொண்டு வருகிறது. உலையில் கொதித்தாலும் அந்த வித்து சாகாது. வெந்த சோறு ஆறிக் கிடக்கும்போது முளைத்து, நஞ்சைக் கக்கும். பிறகு எத்தனை தடவை சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. "சுட வைத்துத்தானே சாப்பிட்டோம், வாந்தி ஏன் வந்தது?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

அப்படியானால் பழைய சோறு? அது வேறு. தண்ணீர் ஊற்றி வைப்பதால் சோறு புளிக்கிறது. புளிப்பு ஏற ஏறக் கெட்ட கிருமிக்கு இடம் குறைகிறது. ஆனால் மலைக் குளிரில் புளிப்பு ஏறுவதும் தாமதம்தான்.

காற்றை நம்பி வந்தவர்கள்

கொடைக்கானல் என்ற ஊர் உண்டானதிலேயே இந்தத் தப்புக் கணக்கு இருக்கிறது.

1834-ம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரையில் மிஷன் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே காலராவும் சீதபேதியும் காய்ச்சலும் அவர்களை வாட்டின. பலர் இறந்தார்கள். குழந்தைகளையும் பறிகொடுத்தார்கள். நல்ல காற்றைத் தேடிப் பழனி மலைமேல் ஏறினார்கள். 1845-ம் ஆண்டு 2 பங்களாக்கள் எழும்பின. ஒன்றின் பெயர் சன்னிசைடு. மற்றொன்றின் பெயர் ஷெல்டன். (பளியர் முதலிய மலைமக்கள் அதற்கு வெகு காலம் முன்பே அந்த மலைகளில் வாழ்ந்தார்கள். பங்களாக்காரர்கள் வந்ததால் மலை பிறந்து விடவில்லை.)

அந்தக் காலத்தில் பெரிய டாக்டர்களே கெட்ட காற்றினால்தான் காலரா வருகிறது என்று நம்பினார்கள். 1854-ம் ஆண்டு லண்டனில் காலரா பரவியது. ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாக விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே அடிபம்பில் தண்ணீர் பிடித்தவர்கள்! அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். அப்போதும் பலர் அவரை நம்பவில்லை. 30 ஆண்டுகள் கழித்து, 1884-ம் ஆண்டு, ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் நமது கல்கத்தாவுக்கு வந்து, காலராக் கிருமியைக் குளத்துத் தண்ணீரிலேயே கண்டார்.

குற்றவாளி காற்று அல்ல, தண்ணீர்!

மலைக் குளிரில் கொசு குறைவு. மலேரியாவுக்குப் பயந்தவர்கள் மலை ஏறியது சரிதான். காலராவுக்கும் சீதபேதிக்கும் காற்று என்ன செய்யும்? குடத்தில் இருப்பது குடத்தோடு மலை ஏறும். கையில் இருப்பது கையோடு ஏறும்.

இன்றும் "நல்ல காற்று, நல்ல தண்ணீர்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடி போல் ஓடுகிறது. குழந்தைகள் அள்ளிக் குடிக்கிறார்கள். பெரியவர்கள் ரசிக்கிறார்கள். அந்த ஓடைக்கு மேலே மாடு மேய்கிறதா, குதிரை நிற்கிறதா, வீடுகள் இருக்கின்றனவா என்று யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

93 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர்

கடலோரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்து விடும். அதனால்தான் மலையில் பருப்பு வேக நேரம் ஆகிறது. அடுப்பைக் கூட்டினால் வேகுமா? வேகாது. தண்ணீர்தான் வற்றும். பிரஷர் குக்கர் ஆவியை உள்ளே அடைத்துச் சூட்டை 100-க்கு மேலே ஏற்றுகிறது. சமவெளியில் குக்கர் சவுகரியம். மலையில் அது அவசியம்.

93 டிகிரி கிருமியைக் கொல்லுமா? கொல்லும். ஆனால் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு, சமவெளியில் 1 நிமிடம் போதும். 6,500 அடிக்கு மேலே 3 நிமிடம் கொதிக்க விடச் சொல்கிறது, அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம். கொடைக்கானல் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. ஓரத்தில் நாலு குமிழி வந்ததும் இறக்குவது வெந்நீர் ஆகலாம். குடிநீர் ஆகாது.

கை கழுவும் இடத்தில் வெந்நீர் எங்கே?

மலையில் கை கழுவுவது ஒரு தவம். தண்ணீர் ஐஸ் போல் இருக்கிறது. என்ன செய்கிறார்கள்? இரண்டு விரலை நனைத்து, வேட்டியில் துடைத்து விடுகிறார்கள். சோப்பைத் தொடுவதே இல்லை.

சோப்பு குளிர்ந்த தண்ணீரிலும் வேலை செய்யும். 20 வினாடி தேய்த்தால் போதும். கிருமியை அகற்றுவது சோப்பும் தேய்ப்பும்தான். தண்ணீரின் சூடு அல்ல. ஆனால் விறைக்கிற தண்ணீரில் 20 வினாடி தேய்க்க யாருக்கு மனம் வரும்? வெந்நீர் கிருமிக்காக அல்ல, மனிதனுக்காக!

மலை ஊர் ஓட்டல்களில் குடிக்க வெந்நீர் கேட்டால் தருகிறார்கள். அதுபோல் கை கழுவும் இடத்திலும் ஒரு வெந்நீர்க் குழாய் வைத்தால் என்ன? சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் அல்ல. மாவு பிசைகிறவருக்கும், காய் நறுக்குகிறவருக்கும், பரிமாறுகிற பையனுக்கும்தான் அது முதலில் வேண்டும். அறை வாடகை ஆயிரக்கணக்கில் வாங்குகிற ஊரில் இது பெரிய செலவு அல்ல.

ஏரிக்கரையில் பஜ்ஜி சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்திரிகைத் தாளில் வைத்துத் தந்தால் வாங்காதீர்கள். அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும். 2018-ம் ஆண்டு விதிப்படி அது தடை செய்யப்பட்டு விட்டது. பத்திரிகை படிப்பதற்கு! பஜ்ஜிக்கு வாழை இலை இருக்கிறது.

பழனி அடிவாரத்தில்

மலைக்கு அடிவாரத்தில், வெயில் கொளுத்தும் பழனியில், பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் இருக்கிறது. பிரிட்ஜ் இல்லை. குளிர் இல்லை. எப்படி?

மலைவாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பது இல்லை. இருக்கிற ஈரத்தையும் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை! 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது.

நம் பாட்டிமார் குளிரை நம்பியவர்கள் அல்ல. வற்றல் என்றால் வெயில். ஊறுகாய் என்றால் உப்பு. கட்டுச்சோறு என்றால் புளியும் நல்லெண்ணெயும். தேங்காய் அரைத்த குழம்பைப் பயணத்துக்குக் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். இன்று அதே மலைப்பாதையில் முட்டை போட்ட பிரைடு ரைஸ் பொட்டலம் 5 மணி நேரம் காரின் பின்பக்கத்தில் பயணம் செய்கிறது.

யார் சமைப்பது?

மீண்டும் அந்த வீட்டுக்கு வரலாம். மருமகள் மேல் குற்றம் இல்லை. "குளிருக்குக் கெடாது" என்று வீட்டார் சொல்வதற்கு உண்மையான அர்த்தம் என்ன? "இரவு சமைக்க ஆள் இல்லை" என்பதுதான்! மனைவி சம்பாதிக்கலாம் என்று ஒப்புக்கொண்ட குடும்பம், கணவன் உலை வைக்கலாம் என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. சோறு கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாலையில் முதலில் வீடு திரும்புகிறவர் குக்கரில் அரிசி போட்டால், காலைச் சோற்றைக் காவல் காக்க வேண்டியதே இல்லை.

மிச்சம் வைத்தே ஆக வேண்டுமா? பெரிய குண்டானிலிருந்து சின்னச் சின்ன, ஆழம் குறைந்த பாத்திரங்களுக்கு மாற்ற வேண்டும். சூடு சீக்கிரம் ஆறும். 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் வைத்து விட வேண்டும். எடுத்தால் கொதிக்க வைத்துத்தான் சாப்பிட வேண்டும். பிரிட்ஜ் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும். மின்சாரம் போனால் அதுவும் வெறும் அலமாரிதான்.

பாக்கெட்டுகளில் இங்கிலீஷில் அச்சடித்திருப்பதைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லலாம். "யூஸ் பை", "எக்ஸ்பைரி" என்றால், அந்தத் தேதிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. "பெஸ்ட் பிபோர்" என்றால், அந்தத் தேதி வரை ருசியும் தரமும் குறையாது. "கீப் ரெப்ரிஜிரேட்டட்" என்று இருந்தால், பிரிட்ஜில் வை என்று அர்த்தம். கொடைக்கானலில் வை என்று அர்த்தம் அல்ல!

குழந்தைக்கு வந்து விட்டால்

உலகத்தில் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் கெட்ட உணவால் நோயில் விழுகிறார்கள். 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். அதில் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் 5 வயது ஆகாத குழந்தைகள். உலக சுகாதார நிறுவனம் 2015-ம் ஆண்டு வெளியிட்ட கணக்கு இது.

குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் உடம்பில் தண்ணீர் வற்றிப் போவதுதான். 1971-ம் ஆண்டு, வங்காள தேசப் போரின்போது, அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்ற மருந்து நீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய் வழியாகவே கொடுக்கச் செய்தார். ஏராளமான உயிர்கள் பிழைத்தன.

ஓ.ஆர்.எஸ். என்ற அந்தப் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். அவசரத்துக்குப் பொட்டலம் இல்லையா? கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர். தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை. அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் ரத்தம் தெரிந்தாலும், குழந்தை சோர்ந்து துவண்டாலும், சிறுநீர் போகாவிட்டாலும், உடனே டாக்டரிடம் தூக்கிப் போக வேண்டும்.

கரைத்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மிச்சம் இருந்தால் கொட்டி விட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். கொடைக்கானலிலும்தான்!