தரன்தெல்லாவும் மீனவ உடையும்

ஹென்றிக் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில் நோறா ஆடும் தரன்தெல்லா ஆட்டத்துக்கு விமரிசகர் வழமையாகக் கூறும் விளக்கம் ஒன்றுண்டு. தரன்துலாச் சிலந்தி தீண்டியவர் ஆடியாடியே நஞ்சைப் போக்குவர் என்பது தென் இத்தாலிய மக்களின் நம்பிக்கை. நோறாவின் உள்ளத்தில் ஏறிய அச்சமே அந்நஞ்சு. ஆட்டம் அதன் குறியீடு. இவ்விளக்கம் பிழையன்று. ஆயின், பாதி உண்மையோடு மனநிறைவடைவது விமரிசனமாகாது.

நோறா எவ்வுடையில் ஆடுகிறாள்? நேப்பிள்ஸ் நகரத்து மீனவப் பெண்ணின் உடையில். அவ்வாறு அவள் ஆடவேண்டுமென விரும்பியவன், வங்கி முகாமையாளனாகவிருக்கும் அவளது கணவன் ஹெல்மர். 1879 டிசெம்பரில் கொப்பன்கேகனில் மேடையேறிய இந்நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில், அவளது இரகசியத்தை வெளிப்படுத்தும் கடிதம் பெட்டிக்குள் கிடக்கிறது. கணவன் அதைத் திறவாதிருக்கும் பொருட்டு அவள் வெறிகொண்டு ஆடிப் பழகுகிறாள், கூந்தல் அவிழ்கிறது. மூன்றாம் அங்கத்தில் மேல்மாடி விருந்தில் நிகழும் ஆட்டத்தை இப்சன் காட்டவேயில்லை. இசை மட்டுமே கேட்கிறது. கீழே இறங்கி வரும் ஹெல்மரோ, கலைக்கு வேண்டிய அளவை மீறி ஆட்டம் சற்றே இயல்பாகிவிட்டதெனக் குறைபடுகிறான். நாடகத்தின் திறவுகோல் இக்குறைகூறலிலேயே உள்ளது. மீனவப் பெண்ணின் உடை அவனுக்கு வேண்டும். அவ்வுடைக்குரியவளின் வேகம் வேண்டாம்.

1959 இல் தென் இத்தாலியின் சலென்தோப் பகுதியில் கள ஆய்வு நடத்திய எர்னெஸ்தோ தெ மார்த்தினோ, சிலந்தி தீண்டியதென்று ஆடியோருட் பெரும்பாலார் வறிய உழவுப் பெண்களெனக் கண்டார். (அவ்வாட்டமும் நேப்பிள்ஸின் கேளிக்கை ஆட்டமும் ஒன்றல்ல, இதனையும் விமரிசகர் பலர் கவனிப்பதில்லை.)

இத்தனையும் புத்தளம் மாவட்டக் கரைக்கு அந்நியமான செய்தியன்று. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலுள்ள உடப்பில், கரைவலை இழுப்போர் பாடுவது அம்பாப் பாடல். ஒருவர் எடுத்துப் பாட மற்றையோர் ஏற்றுப் பாடுவர். கயிற்றின் பளுவே தாளத்தை அறுதியிடுகிறது. பின்னோக்கி வைக்கும் ஒவ்வோர் அடியும் அத்தாளத்துக்கு அமைந்தது. விழா மேடைகளில் 'மீனவர் நடனம்' எனப் பெயர்பெறுவது யாது? பளபளக்கும் கச்சை, ஒளித்தாள் ஒட்டிய மீன்கூடை, மீனில்லாத வலை, மாறாத புன்னகை. பாரமற்ற கயிற்றை இழுப்பவனுக்கு அம்பா எதற்கு? நோறாவின் ஆட்டத்திலே குறியீடு கண்டு வியக்கும் அதே அறிஞர், முன்வரிசையில் அமர்ந்து இதற்கும் கைதட்டுகின்றனர். ஹெல்மரின் இரசனையிலிருந்து இவ்விரசனை எவ்வகையில் வேறுபட்டது?

மேடையும் இல்லாவிடின் அம்பா அழிந்துவிடும் என்பர் சிலர். உழவு இயந்திரம் வலையை இழுக்கத் தொடங்கிய கரைகளில் பாட்டு ஓய்ந்து வருவது மெய்யே. அங்ஙனமாயின் பாடத் தெரிந்த முதியோரன்றோ மேடைக்கு அழைக்கப்படவேண்டும்? சம்மாட்டிக்கும் வலை இழுப்போனுக்கும் இடையிலுள்ள பங்கும் கடனுமன்றோ கூடவே வரவேண்டும்? அவை வந்தால் நடனத்தின் அழகு கெடுமெனின், அழகு யாருடையது என்பதையும் கூறிவிடுதல் நேர்மையாகும்.

நோறா மீனவ உடையைக் களைந்து, அன்றாட உடையில் வந்து கணவனெதிரே அமர்ந்த பின்னரே தன் கணக்கைப் பேசுகிறாள். உடையை அணிவிக்கும் வேலையோடு தமிழ் மேடை நின்றுவிட்டது. மீனவர் நடனம் பயிற்றும் ஆசிரியர், வலை இழுக்கும் பருவத்தில் ஒரு நாளாவது உடப்புக் கரையில் நின்று, அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்கட்டும்.