பிள்ளை ஓடட்டும், வெறும் வயிற்றோடு வேண்டாம்



பிலிமத்தலாவையில் அண்மையில் மூன்று நாள் வதிவிடப் பயிற்சி ஒன்றை நடத்தினோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலிருந்து, குடும்பத்தைத் தனியே தாங்கும் சகோதரிகள் இருபத்திரண்டு பேர் வந்திருந்தனர். சிறுசேமிப்பும் கணக்கு எழுதுவதும்தான் நிகழ்ச்சி நிரலில் இருந்தன. உதைபந்தாட்டம் அதில் இல்லை. ஆனால் இம்மாதம் நான் எழுத வந்திருப்பது அதைப் பற்றித்தான்.

இரண்டாம் நாள் மாலை தேநீர் வேளையில் எல்லோரும் விறாந்தையில் நின்றோம். கீழே புல்வெளியில் பொடியன்களும் இரண்டு மூன்று சிறுமிகளும் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் சிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு அக்கா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பின்னால் போய் விசாரித்தேன்.

"என்ர மகளும் பாடசாலை அணியில விளையாடுறாள் மிஸ். போன மாதம் போட்டியில, இரண்டாம் பாதியில கண் இருட்டி விழுந்திட்டாள். பொம்பிளைப் பிள்ளையின்ர உடம்புக்கு இது சரிவராதெண்டு அண்ணா சொல்லுறார். நானும் நிப்பாட்டிப் போட்டன். அவள் என்னோட கதைக்கிறதில்லை."

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "2009இல நாங்கள் ஓடின ஓட்டம் காணாதே மிஸ்? பரந்தனில துவங்கி மாத்தளன் வரைக்கும் இவளை இடுப்பில வைச்சுக்கொண்டு ஓடினனான். அப்ப இவளுக்கு ஒண்டரை வயது. இப்ப இவளும் ஓட வேணுமே?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. ஓட்டம் என்ற சொல் நம் பெண்களுக்கு எதை ஞாபகப்படுத்தும் என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அண்ணா சொன்ன அந்த மற்றக் கதை, பெண் உடம்புக்குச் சரிவராது என்பது, அதற்குப் பதில் இருக்கிறது. அதைத் தேடி வாசித்து அக்காவுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு முழு ஆட்டம் 90 நிமிடம். அதில் ஒரு பெண் எவ்வளவு தூரம் ஓடுகிறாள்? டென்மார்க்கின் முதல்தர மகளிர் அணிகளில் விளையாடிய 14 பேரைப் படம்பிடித்து அளந்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்று, சராசரியாக 10.3 கிலோமீற்றர் என்கிறது. இங்கிருப்பவர்களுக்கு விளங்கும்படி சொன்னால், பிலிமத்தலாவைச் சந்தியில் புறப்பட்டு, கிரிபத்கும்புர, பேராதனைப் பாலம், கெட்டம்பே எல்லாம் தாண்டி, கிட்டத்தட்ட கண்டி நகர் வரை கால்நடையாகப் போவதற்குச் சமம். பஸ்ஸில் நெரிசலில் போனாலே நாம் களைத்துவிடுகிறோம்.

ஆனால் தூரம் மட்டும்தான் கஷ்டம் என்று நினைத்தால் தவறு. தண்ணீர்க் குடத்தோடும் விறகுக் கட்டோடும் அதைவிடக் கூட நடந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்த 10.3 கிலோமீற்றரில் வேகமாக ஓடியது சுமார் 1.3 கிலோமீற்றர் மட்டுமே. மீதியெல்லாம் நடையும் மெல்லோட்டமும். அந்த 1.3 கிலோமீற்றரும் ஒரே மூச்சில் ஓடியதல்ல. 125 தடவைகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று செக்கன். திடீரென்று பாய்வது, நிற்பது, திரும்புவது, பின்பக்கமாகப் போவது, மறுபடி பாய்வது. இதயம் நிமிடத்திற்குச் சராசரியாக 167 தடவைகள் அடித்திருக்கிறது. அதாவது அவர்களால் இயன்ற உச்ச துடிப்பில் நூற்றுக்கு 87.

உலகத் தரத்தில் விளையாடுபவர்களையும் அதற்கு அடுத்த படியில் நிற்பவர்களையும் ஒப்பிட்டு 2008இல் இன்னொரு ஆய்வு வந்தது. மொத்தத் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வேகமாக ஓடிய தூரத்தில் உலகத் தரத்தினர் நூற்றுக்கு 28 கூடுதலாக ஓடியிருந்தார்கள். களைத்த காலோடு மறுபடி பாயும் சக்திதான் அவர்களை வேறுபடுத்துகிறது. இந்தச் சக்தி பிறப்பிலே வருவதல்ல. பயிற்சியாலும் சாப்பாட்டாலும் தூக்கத்தாலும் வருவது.

இன்னொரு விடயம். இந்த ஓட்டமெல்லாம் பந்தோடு அல்ல. 1976இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கழக ஆண் வீரர்களை அளந்து பார்த்தபோது, அவர்கள் ஓடிய தூரத்தில் நூற்றுக்கு 2 கூடப் பந்தோடு இருக்கவில்லை. மற்றதெல்லாம் யாரோ ஒருத்தருக்கு வழி விடவும், யாரோ ஒருத்தரைத் தடுக்கவும் ஓடியது. வீட்டு வேலையைப் போலத்தான் என்று பயிற்சியில் இதைச் சொன்னபோது ஒரு அம்மா சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

பெண்ணின் உடம்புக்குச் சரிவராது என்ற பேச்சு நம் ஊரில் மட்டும் பிறந்ததல்ல. 1920 டிசம்பர் 26இல் லிவர்பூலில், தொழிற்சாலைப் பெண்களின் அணி விளையாடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருடமே, 1921 டிசம்பர் 5இல், இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருத்தமற்றது என்று சொல்லி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. திறப்பதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடங்கள் எடுத்தன. 1991இல் சீனாவில் முதலாவது மகளிர் உலகக் கிண்ணம் நடந்தபோதும் ஆட்டம் 80 நிமிடம்தான். ஆண்களுக்கு 90. அந்தப் பத்து நிமிடத்தில் பெண்களுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தார்களோ தெரியாது. 1995 தொடக்கம் 90 நிமிடம் ஆடுகிறார்கள். 2023இல் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 32 நாடுகள் விளையாடின. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். போரினால் இடம்பெயர்ந்து அலைந்த பாடசாலைதான் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி. அங்குள்ள மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலைகள் மட்டத்தில் உதைபந்தாட்டச் சம்பியன்களாக வந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கடலூரில், 2004 சுனாமியில் தாய் தகப்பனை இழந்த சிறுமிகள் விடுதி மைதானத்தில் பந்து பழகினார்கள். கடலூரில் வளர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2க்கு 1 என வென்று தமிழ்நாடு மகளிர் அணி தேசிய சம்பியனானது. இழப்பைச் சந்தித்த பிள்ளைகள் ஓடக்கூடாது என்று அங்கே யாரும் தீர்மானிக்கவில்லை.

அப்படியானால் அக்காவின் மகள் ஏன் விழுந்தாள்? அக்காவிடம் அன்றைய நாளைப் பற்றிக் கேட்டேன். காலை ஐந்தரைக்கு ஒரு பிளேன்ரீ. பஸ்ஸுக்கு ஓடும்போது கையில் அரைத் துண்டு றோஸ் பாண். பதினொரு மணி வெயிலில் ஆட்டம். போத்தலில் தண்ணீர் அரைவாசி. அது மாதவிடாய் வந்த இரண்டாம் நாள். இதில் ஒன்றாவது பயிற்றுநருக்குத் தெரியுமா என்றேன். "சேரிட்ட இதையெல்லாம் சொல்லலாமே மிஸ்" என்று அக்கா கூச்சப்பட்டார்.

திடீர்ப் பாய்ச்சலுக்கான எரிபொருள் சோற்றிலும் பயறிலும் கிழங்கிலும் இருந்து வருகிறது. உடல் அதைத் தசைகளில் சேமித்து வைக்கிறது. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் அந்தச் சேமிப்புப் பல தசைநார்களில் வற்றிவிடும். நல்ல சாப்பாடு சாப்பிட்ட வீராங்கனைகளே கடைசி 15 நிமிடத்தில் வேகம் குறைகிறார்கள். சேமிப்பே இல்லாமல் வந்த பிள்ளை எப்படி நிற்பாள்? ஆட்டத்திற்கு மூன்று மணித்தியாலத்திற்கு முன் சோறோ, பிட்டோ, அவித்த கிழங்கோ வயிறு நிரம்பச் சாப்பிட வேண்டும். ஒரு மணித்தியாலத்திற்கு முன் ஒரு வாழைப்பழம் போதும். முந்தின இரவுச் சாப்பாட்டைத் தவற விடவே கூடாது. இடைவேளையில் தேசிக்காய், சீனி, ஒரு சிட்டிகை உப்புக் கலந்த தண்ணீர் நல்லது. கடையில் விற்கும் நிறத்தண்ணீருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இரத்தம் பற்றி ஒரு வார்த்தை. மூச்சில் எடுக்கும் ஒட்சிசனைக் காலுக்குக் கொண்டுபோவது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். மாதவிடாயில் இரும்பு போகிறது. சாப்பாட்டில் திரும்ப வராவிட்டால் குருதிச்சோகை. 15 வயதுக்கு மேற்பட்ட, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் அது குருதிச்சோகை என்பது உலக சுகாதார தாபனத்தின் அளவு. இந்தப் பிள்ளை நடந்து திரியும்போது ஒன்றும் தெரியாது. பந்தின் பின்னால் நூறு தடவை பாயும்போதுதான் தெரியும். பல்கலைக்கழகத்தில் பெண் உடலின் மீதான சமூகக் கட்டுப்பாடுகள் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்த எனக்கு, சோற்றோடு தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேராது என்பது வேலைக்கு வந்த பிறகே தெரியும். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். முருங்கை இலை வறைக்குத் தேசிக்காய் பிழிந்து விடுங்கள். நெத்தலியோ, கருவாடோ, கிடைக்கிற நாளில் ஈரலோ ஒரு துண்டு மகளின் கோப்பையிலும் இருக்கட்டும். ஆண்பிள்ளைக்குப் பெரிய துண்டு வைக்கும் பழக்கத்தைப் பற்றி இன்னொரு மாதம் சண்டை பிடிக்கிறேன். பாடசாலையில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை, வயிற்றைப் பிரட்டுகிறது என்று மதிலுக்கு அப்பால் எறியும் பிள்ளைகள் உண்டு. சாப்பிட்ட பிறகு விழுங்கினால் அந்தத் தொல்லை குறையும்.

மாதவிடாய் நாளில் ஓடினால் கர்ப்பப்பைக்குக் கெடுதி என்பது பொய். பிள்ளைக்கு உடம்பு இடம் கொடுத்தால் ஓடலாம், முடியாவிட்டால் இருக்கலாம். ஆனால் கடும் பயிற்சியும் பசியும் சேர்ந்து மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோனால் அது தீவிரமான விடயம். எலும்பும் பலவீனமாகும். அப்போது வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். அதேபோல, ஓடும்போது நெஞ்சு நோவு வந்தாலோ, திரும்பத் திரும்ப மயங்கினாலோ, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தாலோ, இதயத்தைப் பரிசோதிக்காமல் பிள்ளையை மைதானத்தில் இறக்க வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு ஆபத்து ஆண்களைவிடக் கூட என்பதை மறைக்கக்கூடாது. முழங்காலுக்குள் இருக்கும் இணைப்பு நார் அறுவது பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடித்து அல்ல, தானாகத் திரும்பும்போதோ, பாய்ந்து நிலத்தில் காலூன்றும்போதோ அறுகிறது. ஆனால் இதற்கும் வழியிருக்கிறது. நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான சிறுமிகள் சுமார் 1,900 பேரை வைத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிக்கு முன் 20 நிமிடம் ஒழுங்கான உடற்பயிற்சி செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கும் கடுமையான காயங்கள் ஏறக்குறைய அரைவாசியும் குறைந்தன. ஒற்றைக் காலில் நிற்பது, குந்தி எழுவது, முழங்கால் உள்ளே சாயாமல் பாய்ந்து இறங்குவது, இவைதான். ஒரு சதமும் செலவில்லை. மைதானத்தில் இறங்கியவுடன் இரண்டு சுற்று ஓடவிட்டுப் பந்தைக் கொடுக்கும் பயிற்றுநர்களிடம் தாய்மார் இதைக் கேட்கலாம். கேட்பதற்கு நாம் விளையாட்டு வீராங்கனையாக இருக்க வேண்டியதில்லை.

விழுந்து எழும்பிய பிள்ளையை மறுநாளே முழு ஆட்டத்திற்கு விடக்கூடாது. இரண்டு கம்பை 20 மீற்றர் இடைவெளியில் நட்டு, ஓடிப்போய்த் திரும்பி வந்து, 10 செக்கன் நடந்து, மறுபடி ஓடுவது. வேகத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டுவது. டென்மார்க் ஆய்வில் இப்படியான சோதனையில் கூடத் தூரம் போனவர்களே ஆட்டத்திலும் கூட வேகமாக ஓடினார்கள். வாரத்துக்கு வாரம் எத்தனை தடவை என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தால் பிள்ளைக்கே தன் உடம்பு விளங்கும். ஒரு ஆட்டத்திற்குப் பின் இரண்டு மூன்று நாள் ஓய்வும் வேண்டும். இரண்டு நாளில் நான்கு ஆட்டம் வைக்கும் சுற்றுப்போட்டிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அக்கா ஊர் திரும்பியதும் மகளை அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார். இதயத்தில் குறை இல்லை. ஹீமோகுளோபின் 9.6. பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். இரத்தம் ஏறச் சில மாதங்கள் எடுக்கும், அதுவரை மெல்லோட்டம் மட்டும் என்றார்களாம்.

போன கிழமை தொலைபேசியில் கதைத்தார். அண்ணா இன்னும் சம்மதிக்கவில்லை. கலியாணம் பேச வரும்போது காலில் தழும்பு இருந்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறாராம். அக்காவும் முழு மனதோடு இல்லை. "அவள் ஓடுறதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுது மிஸ். அது மாறாது போல" என்றார். அது மாற வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

பிறகு, வைப்பதற்கு முன் ஞாபகம் வந்தவர் போல, "அந்தப் பிள்ளையளில அஞ்சு பேர் காலமை சாப்பிடாமத்தான் வாறவையாம் மிஸ். சனிக்கிழமை பயிற்சிக்குக் கௌபி அவிச்சுக் கொண்டுபோகப் போறன். எவ்வளவு போட்டால் பதினாறு பேருக்குக் காணும்?" என்று கேட்டார். இரண்டு கிலோ என்றேன்.