நாலு வழி ரோடு சரி... பஸ் எங்கே நிற்கும்?

விக்கிரவாண்டியில் திரும்பி, பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் போகும் ரோடு சென்னைவாசிகளுக்குப் பழகிய ரோடு. தீபாவளி, பொங்கல் வந்தால் மூட்டை முடிச்சோடு ஊர் போகிறவர்களுக்கு இதுதான் வழி.

நீளம் சுமார் 165 கிலோ மீட்டர். பழைய பாதை. ராஜேந்திர சோழனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இதன் ஓரத்தில்தான் இருக்கிறது. ஆனைக்கரையில், 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையின் குறுகலான பாலத்தில்தான் வண்டிகள் கொள்ளிடத்தைத் தாண்டின. எதிரே வண்டி வந்தால் இந்தப் பக்கம் காத்துக் கிடக்க வேண்டும். பிறகு கனரக வண்டிகளுக்கே தடை வந்தது.

ஆக, ரோடு அகலமாக வேண்டியதுதான். ரெண்டு பேச்சு இல்லை. சேத்தியாத்தோப்புக்கும், கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சோழபுரத்துக்கும் இடையே 50 கிலோ மீட்டர் நாலு வழியாகி 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. செலவு 2,350 கோடி ரூபாய்க்கு மேல். விக்கிரவாண்டி பக்கத்து வேலை அப்போதும் முடிந்தபாடில்லை!

நடு ராத்திரியில்...

காரில் போகிறவருக்குக் கவலை இல்லை. பஸ்சில் போகிறவர் கதி என்ன?

பைபாஸ் வந்த ஊர்களில் எல்லாம் நடக்கிற கதைதான். "பஸ் ஊருக்குள்ளே போகாது, இங்கேயே இறங்கிக்க" என்பார் கண்டக்டர். ராத்திரி 2 மணி. விளக்கு இல்லை, ஆட்டோ இல்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கினால், ஊர் போய்ச் சேருவது எப்படி? அவள் கொடுத்ததும் முழு டிக்கெட்தானே!

சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரும் இருக்கிறது. ரோட்டைக் கடக்க வழி பக்கத்தில் இல்லாவிட்டால் டிரைவர் என்ன செய்வார்? எதிர்த் திசையிலேயே ஓட்டி வருவார். தப்புதான். ஆனால் சர்வீஸ் ரோடு போடாதவர்கள் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

பண்ருட்டி ரோட்டோரத்தில் பலாப்பழம், முந்திரி விற்கிறவர்களுக்கும் இதே பயம்தான். வண்டி நின்றால்தானே வியாபாரம்!

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஊர் பிரிகிற இடம் ஒவ்வொன்றிலும் ஒரு நிழற்குடை, நாலு விளக்கு, ஊர் வரை சர்வீஸ் ரோடு. பகலில் ஊருக்குள் போய் வரத்தான் வேண்டும் என்று பஸ்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. இதெல்லாம் முடிந்த பிறகு சுங்கம் கேட்கட்டும்.

சுங்கச்சாவடியில் மட்டும் ராத்திரி பகலாக விளக்கு எரிகிறதே, அதில் பாதி வெளிச்சம் பஸ் நிற்கிற இடத்தில் எரிந்தால் போதும்.