ஆபரேஷனுக்கும் வவுச்சர் கேளுங்கள்

கணக்குப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். ஆட்டோ செலவாக இருந்தாலும் வவுச்சர் இல்லாமல் பில் பாஸ் பண்ண மாட்டோம். ஆனால் அறுபதைத் தாண்டியவர்களின் முழங்காலில் துளை போட்டு, கேமராவை விட்டு, ஜவ்வைச் சீவி எடுத்துவிட்டுப் பெரிய பில்லாக நீட்டுகிறார்களே, அந்த வேலையால் பலன் உண்டு என்பதற்கு வவுச்சர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தப் பதிவு.

நான் டாக்டர் இல்லை. எலும்பு முறிவு, விளையாட்டில் அடிபட்ட இளைஞனின் ஜவ்வு, மடக்கவும் நீட்டவும் முடியாமல் பூட்டிக்கொண்ட மூட்டு, இவற்றைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. வயதாகித் தேய்ந்த மூட்டுக்குச் செய்யும் ஆர்த்ராஸ்கோப்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில், புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு டாக்டர் ஒரு சோதனை செய்தார். முடிவு 2002-இல் வெளியானது. மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மூட்டுக்குள் சீவிச் சுத்தம் செய்தார். இன்னொரு பிரிவினருக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார். மூன்றாவது பிரிவினருக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டார். உள்ளே ஒன்றும் செய்யவில்லை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்கும் தெரியாது, பிறகு அவர்களைச் சோதித்தவர்களுக்கும் தெரியாது. இரண்டு வருஷம் கவனித்தார்கள். வலியிலும் சரி, நடையிலும் சரி, நிஜ ஆபரேஷன் ஆனவர்கள் எந்தக் கட்டத்திலும் மற்றவர்களைவிடத் தேவலையாக இல்லை. அப்போது அந்த நாட்டில் இந்த ஆபரேஷன் வருஷத்துக்கு ஆறரை லட்சம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் சுமார் 5,000 டாலர்.

"அது தேய்ந்த மூட்டு. தேய்மானம் இல்லாமல் ஜவ்வு மட்டும் கிழிந்திருந்தால் கதை வேறு" என்றார்கள். சரி என்று பின்லாந்து டாக்டர்கள் அதையும் சோதித்தார்கள். 35 முதல் 65 வயது வரை 146 பேர். அடிபடாமல் தானாக நைந்து கிழிந்த ஜவ்வு. ஆபரேஷன் தியேட்டரில் கவரைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் நிஜமா பொய்யா என்று சர்ஜனுக்கே தெரியும். பொய் ஆபரேஷன் என்றால் கருவிகளைக் கேட்டு வாங்கி, காலை அசைத்து, மெஷின் சத்தம் கொடுத்து, நிஜ ஆபரேஷனுக்கு ஆகும் நேரம் வரை நோயாளியை உள்ளேயே வைத்திருந்தார்கள். 2013-இல் முடிவு வந்தது: ஒரு வருஷம் கழித்து இரு பிரிவுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் ஜவ்வைச் சீவியதால் லாபம் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் தேய்மானம் மட்டும் சீவியவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது.

"ஸ்கேனில் கிழிசல் கண்ணுக்குத் தெரிகிறதே ஐயா?" என்பீர்கள். தெரியும். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ இறுக்கமோ கிடையாது. இது வெளியானது 2008-இல். வயதானால் தலை நரைப்பது மாதிரி ஜவ்வும் நைகிறது. வலி ஒரு பக்கம், கிழிசல் ஒரு பக்கம் இருக்கலாம். இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் நம்மைப் பயமுறுத்துகிறார்கள்.

"எதிர்வீட்டுக்காரர் செய்துகொண்டு நன்றாக நடக்கிறாரே" என்பது அடுத்த வாதம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குத் தத்துவப் பாடத்தில் க்ளோத் பெர்னார் என்ற மருத்துவ மேதையின் பெயர் அடிக்கடி வரும். 1865-இல் அவர் எழுதிய நூலில் 'கோந்த்ர் எப்ரூவ்' என்று ஒன்றை வலியுறுத்துகிறார். எதிர்ச்சோதனை என்று சொல்லலாம். இதனால்தான் அது நடந்தது என்று சொல்ல வேண்டுமானால், இதை நீக்கிவிட்டும் பார்க்க வேண்டும். அப்போதும் அது நடந்தால் இது காரணம் இல்லை. முழங்கால் வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரிடம் ஓடுகிறோம். பிறகு அது தானாக இறங்கினால் ஆபரேஷனுக்குப் பெயர் போகிறது. பின்லாந்தில் பொய் ஆபரேஷன் ஆனவர்களிலும் பெரும்பாலோர் தேவலை என்றுதான் சொன்னார்கள்.

பொய் ஆபரேஷன் ஏமாற்று வேலை இல்லையா என்று ஒரு டாக்டர் நண்பர் கோபித்துக்கொண்டார். ஹூஸ்டனில் ஒவ்வொருவரும், தனக்குப் பொய் ஆபரேஷனும் நடக்கலாம் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த பிறகுதான் சேர்க்கப்பட்டார்கள். தகுதியான 324 பேரில் 144 பேர் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டார்கள். இங்கே என் பென்ஷனர் நண்பரிடம் ஒரு தனியார் மருத்துவமனையில், "ஜவ்வு கிழிஞ்சிருக்கு, இப்போ செய்யலேன்னா நடக்க முடியாமப் போயிடும்" என்றார்கள். உடற்பயிற்சி என்ற வார்த்தையே வரவில்லை. இதில் ஏமாற்று எது என்று நீங்களே சொல்லுங்கள்.

சோதனை என்றாலே ஆபரேஷனுக்கு எதிரி என்றும் நினைக்க வேண்டாம். டென்மார்க்கில் 100 பேரை வைத்து மூட்டு மாற்று ஆபரேஷனைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். பயிற்சி போன்ற சிகிச்சையோடு மூட்டும் மாற்றிக்கொண்டவர்களுக்கு, வெறும் சிகிச்சை பெற்றவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. கடுமையான பக்க விளைவுகளும் அவர்களுக்கே அதிகம். சிகிச்சை மட்டும் என்று ஆரம்பித்தவர்களில் நாலில் ஒருவர்தான் அந்த வருஷத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனார். இது வவுச்சர் உள்ள பில். லாப நஷ்டம் இரண்டும் எழுதியிருக்கிறது. பார்த்து முடிவு செய்யலாம்.

மற்றதற்கு என்ன சொல்வது? 2004-இல் அமெரிக்க அரசின் மெடிகேர், தேய்ந்த மூட்டை வெறுமனே கழுவும் ஆபரேஷனுக்குப் பணம் தருவதை நிறுத்தியது. 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வல்லுநர் குழு, தேய்மான மூட்டு வலிக்கு ஆர்த்ராஸ்கோப்பி வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-இல், மூட்டுத் தேய்மானத்துக்குக் கழுவுவதும் சீவுவதும் கூடாது, பயிற்சியும் எடைக் குறைப்பும் முக்கியம் என்றது. நம் ஊரில் மெடிக்கல் பில் பாஸ் செய்கிறவர்களும் இன்ஷூரன்ஸ்காரர்களும் ரசீது சரியா என்று பார்க்கிறார்கள். வேலை அவசியமா என்றும் பார்க்கட்டும்.

நம் பங்குக்கு, கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேட்போம். என் வயதில், என் மாதிரி மூட்டுக்கு, இந்த ஆபரேஷன் சோதிக்கப்பட்டிருக்கிறதா? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்து மூன்று மாதம் பார்க்கலாமா? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் ஸ்கேனை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் போங்கள்.